துபாஷி சொன்ன பொய்

"அந்தத் துபாஷி கூடவே இருந்து நம்ம தலையில கல்லைத் தூக்கிப் போட்டிருக்கா, மேடம்" என்றார் எடிட்டர்.

டைரக்டர் கையிலிருந்த நாலு தாளை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

இறால் உரிக்கும் கூடங்களில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் அது. இரண்டு வருட உழைப்பு. எந்தக் கம்பெனியும் கேமராவை வாசல் தாண்ட விடவில்லை. நடையாய் நடந்து, எட்டாவது மாதம் ஒரே ஒரு முதலாளி சம்மதித்தார். அதுவும் ஒரு மணி நேரம்தான். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்பார் என்ற நிபந்தனையோடு.

அந்தப் பெண்களின் மொழி படக்குழுவில் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லத்தான் ஒரு தையல்காரியைத் தேடிப் பிடித்தார்கள். அந்த மொழி பேசும் ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடைத்தெருவில் சின்னதாக ஒரு தையல் கடை. படக்குழுவுக்கு அவள் 'துபாஷி அக்கா'.

படப்பிடிப்பன்று, ஐஸ் தண்ணீரில் கையை விட்டபடியே ஒரு பெண் இருபது நிமிடம் பேசினாள். துபாஷி அக்கா சொன்னதோ இவ்வளவுதான்: வேலை பழகிவிட்டதாம், சாப்பாட்டுக்குக் குறையில்லையாம், ஊர் ஞாபகம்தான் அவ்வப்போது வருமாம்.

சூப்பர்வைசர் தலையாட்டினார். டைரக்டருக்குச் சப்பென்று போயிற்று.

இப்போது சப்டைட்டிலுக்காக அதே பேச்சை, அந்த மொழி தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த நாலு தாளில் இருந்தது வேறு கதை. வேலை முடிந்ததும் அறையை வெளிப்பக்கம் பூட்டிவிடுகிறார்கள். அடையாள அட்டைகளைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். விரல் அழுகிப்போன பெண்ணுக்குக்கூட ஆஸ்பத்திரி கிடையாது. மொத்தம் பதினொரு பேர். ஒருத்தியையும் ஊருக்கு விடுவதில்லை.

"இன்னொண்ணு தெரியுமா?" எடிட்டர் நாற்காலியைத் திருப்பினார். "அதே கம்பெனிக்கு இப்போ ஏப்ரன் தைச்சுக் கொடுக்கிறதே அவதான். கம்பெனி வேன் அவ கடை வாசல்ல நின்னதை என் கண்ணால பார்த்தேன்."

டைரக்டர் போனை எடுத்தாள்.

ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டதும் மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. துபாஷி அக்கா சொன்னாள்:

"அந்தத் துண்டை இன்னும் பத்து நாளைக்கு யாருக்கும் காட்டாதீங்க, மேடம்."

"எதுக்குப் பத்து நாள்? உங்க முதலாளி எல்லாத்தையும் மூடி மறைக்கிறதுக்கா?"

துபாஷி அக்கா போனை வைத்துவிட்டாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? டைரக்டர் முடிவு பண்ணிவிட்டாள். இன்று புதன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த இருபது நிமிடத்தையும் இணையத்தில் போடுவது. ஊரே பார்க்கட்டும். கம்பெனியின் பெயர் மட்டுமல்ல, துபாஷியின் பெயரும் சேர்ந்தே வரட்டும். தயாரிப்பாளர் வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இழுத்தார். கேஸ் வந்தால் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நாளும் நேரமும் குறிப்பிட்டுத் துபாஷிக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். முதுகில் குத்துகிற பழக்கம் தனக்கில்லை என்று அதில் ஒரு வரி சேர்த்தாள்.

வியாழன் மத்தியானம் எடிட்டிங் அறையின் மரப்படிகள் தடதடத்தன. ஒருவர் இருவர் ஏறுகிற சத்தமில்லை அது.

கதவைத் திறந்தால் துபாஷி அக்கா. பின்னால் படி நெடுகப் பெண்கள். பலர் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. சிலர் காலில் செருப்பில்லை. டைரக்டர் தன்னையறியாமல் எண்ணினாள். பதினொன்று.

உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்த பிறகுதான் துபாஷி அக்காவுக்குப் பேச்சு வந்தது.

உள்ளே போய்வர வழி வேண்டும் என்றுதான் அந்த ஏப்ரன் வேலையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினாளாம். வேண்டுமென்றே அளவு தப்பாகத் தைத்தாளாம். திரும்ப அளவெடுக்க எல்லாரையும் கடைக்கே அனுப்பச் சொன்னாளாம். சூப்பர்வைசர் வேனோடு முன்வாசலில் காவல் இருக்க, இவர்கள் பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கி நேரே தொழிலாளர் அலுவலகம் போய்விட்டார்கள். பதினொரு பேர் புகாரும் பதிவாகிவிட்டது. பிடுங்கிய அட்டைகளை வாங்கிவர அதிகாரி போலீசோடு கிளம்பிவிட்டார்.

"அடுத்த சனிக்கிழமைக்குத்தான் எல்லா ஏற்பாடும். நீங்க நாளைக்கேன்னு சொல்லிட்டீங்க. அதான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

எடிட்டர் மெல்ல எழுந்து, நின்றுகொண்டிருந்த பெண்ணுக்குத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

டைரக்டர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்கிட்ட மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

துபாஷி அக்கா எடிட்டரைப் பார்த்தாள். மேடம் 'கட்' சொன்ன பிறகு வருகிற துண்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, பத்துப் பதினைந்து விநாடி. வேண்டாத துண்டு என்று கல்லூரி ஆசிரியருக்கு அனுப்பாமல் விட்டது. திரையில், கேமரா ஓடுவது தெரியாமல், அந்தப் பெண் கையைத் துடைத்தபடி துபாஷியிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

துபாஷி அக்கா அதை மொழிபெயர்த்தாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடவில்லை.

"அந்த சூப்பர்வைசர் தலையாட்டினதுலேயே புரிஞ்சுபோச்சு அக்கா, நீங்க மாத்தித்தான் சொல்றீங்கன்னு. நாங்க வெளியே வர்ற வரைக்கும் அந்தப் பொய்யே இருக்கட்டும். படம் எடுக்கிற அம்மாகிட்டகூட உண்மையைச் சொல்லிடாதீங்க. ரொம்ப நல்லவங்களாத் தெரியுறாங்க, பொறுத்துக்க மாட்டாங்க."