காலி டப்பா

மெக்கானிக் சூசை காருக்கு அடியில் படுத்து, சைலன்சருக்கு முன்னால் இருந்த கன்வெர்ட்டரை ஸ்பேனரால் தட்டினார். உள்ளே கலகலவென்று சத்தம். புகையின் நஞ்சை முறிக்கிற, தேனடை மாதிரியான பீங்கான் கட்டி நொறுங்கிப் புகை போகும் வழியை அடைத்திருந்தது. வண்டி மேடேறாமல் திணறியது அதனால்தான்.

"புதுசு மாத்தணும் டாக்டர்."

"எதுக்கு? உள்ள இருக்கறதக் கொட்டிட்டு வெறும் டப்பாவ மாட்டிடு. எல்லாரும் அப்படித்தான செய்யறாங்க" என்றார் நெஞ்சு டாக்டர் ஆராவமுதன்.

சூசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எல்லாருடைய புகையும் வந்து சேர்கிற இடம் இந்தப் பட்டறைதானே. போன மாதம் இதே டாக்டர்தான் அவர் முதுகை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "புகையில நின்னா உன் நுரையீரல் தாங்காது, சொன்னா கேக்கவே மாட்டியா" என்று நோயாளிகள் எல்லார் முன்னாலும் திட்டினார். அன்று சூசை தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

இன்று கன்வெர்ட்டரைக் கழற்றினார். சில்லுகளை டாக்டரின் காலடியில் கொட்டினார். காலி டப்பாவைத் திரும்ப மாட்டி, கதவைத் திறந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வண்டிக்குப் பின்னால வந்து நில்லுங்க டாக்டர்."

டாக்டர் வந்து புகைக்குழாய் அருகே குனிந்தார். சூசை இன்ஜினைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தார்.

"இப்ப மூச்ச நல்லா இழுத்து விடுங்க."