குளியலறைக் கதவு

புதுப் பெயின்ட் வாடை மூக்கைத் துளைக்கிறது. வெயில் விழும் சமையல் மேடையில் ஒப்பந்தத்தை விரித்து, கட்டுமான நிறுவன மேலாளர் பேனாவை நீட்டுகிறார். வீடு வாங்க வந்த அப்பா அதை வாங்கிக்கொள்கிறார். சக்கர நாற்காலியில் இருக்கும் மகள் பால்கனியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவர்களை அழைத்து வந்த தரகர்ப் பெண்ணின் கண் மட்டும் குளியலறைக் கதவை விட்டு அகலவில்லை. இந்த மாதம் அவளுக்குக் கைகூடி வந்திருக்கும் ஒரே வியாபாரம் இது. ஆனாலும் கையெழுத்துப் போடப்போகும் அப்பாவைத் தடுக்கிறாள். “அண்ணே, ஒரு நிமிஷம். பாப்பா குளியலறைக்குள்ள போய்ப் பார்க்கட்டும்.” “எல்லாம் சரியாத்தாம்மா இருக்கும்,” என்று மேலாளர் பல்லைக் கடிக்கிறார். நாற்காலி மெல்ல உருள்கிறது. குறுகலான கதவு நிலையில் சக்கரம் ‘டக்’கென்று இடித்து நிற்கிறது. மகள் பின்னுக்கு வந்து, மறுபடியும் தள்ளிப் பார்க்கிறாள். மறுபடியும் அதே சத்தம். “நீ யாருக்கும்மா வேலை பார்க்குற?” மேலாளர் அடிக்குரலில் சீறுகிறார். “இங்க குடியிருக்கப் போறவங்களுக்கு, சார்.” சொல்லிவிட்டாளே தவிர, அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மகள்தான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வருகிறாள். “அக்கா, அடுத்த வீட்டுல மொதல்ல குளியலறையைக் காட்டுங்க.”