ஆறு டிக்கெட்

“ஆறு டிக்கெட்டா? நீங்க ஒருத்தர்தானே பெரியவரே ஏறுனீங்க?”

கண்டக்டர் பரசுராமன் பஸ்ஸுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். ஏரிக்கரை நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

“ஆறு கொடுப்பா. காஞ்சிபுரத்துக்கு.” வெள்ளை மீசைக்காரர் ஒன்றரை ரூபாயை அவன் கையில் வைத்தார்.

“மீதி அஞ்சு பேரு?”

“இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வருவாங்க.”

காஞ்சிபுரம் வரை டிக்கெட் வாங்கியவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வந்த வழியே நடக்கத் தொடங்கினார்.

கரைத்தாங்கலுக்குப் பஸ் வந்து அன்றோடு நான்கு நாள். அறுபத்தாறாம் வருஷம் வரை அந்த ஊருக்குப் பஸ்ஸே கிடையாது. ஊரே மனுப் போட்டு, கெஞ்சி, கடைசியில் காஞ்சிபுரத்து முதலாளி ஒருவர் இறங்கி வந்தார்.

“மூணு மாசம் ஓட்டிப் பார்ப்பேன். தினம் நாற்பது ரூபாய் வசூல் வரணும். இல்லேன்னா டீசலுக்கே கட்டாது, வண்டியை வேற ரூட்டுக்கு மாத்திடுவேன்” என்று பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த ரூட்டுக்காகவே புதிதாக எடுத்த ஆள் பரசுராமன். பஸ் நின்றால் அவன் வேலையும் போய்விடும்.

காலையில் கூலிக்கு நெய்த சேலையைக் கொடுக்கப் பிள்ளையார்பாளையம் போகிறவர்கள், கத்தரிக்காய்க் கூடைக்காரிகள் என்று கூட்டம் இருக்கும். மதியம் ரெண்டு மணி டிரிப்தான் காலியாக ஓடும். ராத்திரி கணக்கு எழுதினால் பல நாள் முப்பத்தொன்பதைத் தொட்டு நிற்கும். பெரியவரின் ஒன்றரை ரூபாய் சேர்ந்தால்தான் நாற்பதைத் தாண்டும்.

அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பரசுராமன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஆள் இல்லாம டிக்கெட் கிழிக்கிறேன்னு செக்கர் என்னைத்தான் புடிப்பாரு பெரியவரே. எனக்கும் இந்த வேலை வேணும், இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க காசு இப்படிப் போறது மனசுக்குக் கஷ்டமா இருக்குது. யாருக்குங்க இந்த டிக்கெட்டெல்லாம்?”

பெரியவர் ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ரோட்டுல நெறைய பேரை வெயில்ல நிக்க விட்டுட்டுப் போயிருக்கேன்பா. புள்ளையத் தூக்கிக்கினு நின்னவங்க, தலைச்சுமையோட நின்னவங்க... திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போவேன். அவங்களுக்குன்னு வச்சிக்கோ.”

பரசுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், மூளை கொஞ்சம் கலங்கியவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“ஊர்ல யாருகிட்டயும் சொல்லிடாதப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கினார் அவர்.

மூன்று மாதம் முடிந்தது. முதலாளியின் குமாஸ்தா கணக்கைக் கூட்டிப் பார்த்தார். நாளொன்றுக்கு நாற்பது ரூபாய் இருபது பைசா. ரூட் நிலைத்தது.

மறுநாள் காலை பஸ் கரைத்தாங்கலுக்குள் நுழைந்தபோது மேளம் முழங்கியது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். தணிகாசலம் பஸ்ஸுக்கு ஒரு மாலை போட்டார். பரசுராமனுக்கும் ஒன்று போட்டார்.

கழுத்தில் மாலையோடு பரசுராமன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

“தலைவரே, மத்தியானத்துல ஏரிக்கரையில ஒரு பெரியவர் ஏறுவாரே... வெள்ளை மீசை. அவர் வரலையா?”

தணிகாசலத்தின் முகம் மாறியது. “முனிசாமியா? அவன் எந்த மூஞ்சியை வச்சிக்கினு வருவான்? பஸ் வேணும்னு ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. அவன் ஒருத்தன்தான் போடல.”

“ஏங்க?”

“இந்த ரோட்டுல இருபது வருஷமா ஓடுன ஒரே ஜட்கா அவனோடது. பஸ் வந்தா அவன் பொழப்பு போச்சே! பஸ் வந்த மூணாம் நாளே நூத்தி முப்பது ரூபாய்க்குக் குதிரையை வித்துட்டான்பா. அந்தக் காசை என்ன பண்ணான்னுதான் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல.”