அத்தானின் கார்டு

அத்தான் கம்ப்யூட்டரில் கேம் ஆட ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்காக மூன்று வருடம் காத்திருந்தார். "அடுத்த மாடல் வரட்டும் மாப்ள, இது விலை இறங்கிடும்" என்பார். வாங்கிய பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

மறுமாதம், அவர் கம்ப்யூட்டரைத் தூசி துடைக்கிறேன் என்று அக்காவிடம் புளுகி, அதைக் கழற்றிக்கொண்டு என் பழைய கார்டை மாட்டினேன். அவள் நன்றி சொன்னபோது தரையைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, அந்தக் கார் கேம் திக்கித் திக்கி ஓடுதே?"

"நீ எப்பக்கா கேம் ஆட ஆரம்பிச்சே?"

"நானா? எனக்கு மவுஸே பிடிக்கத் தெரியாது. அவர்தான் உன்கிட்ட கேக்கச் சொன்னார். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேன்னு வேற வருத்தப்பட்டார். எதைடா கேக்காம விட்டே?"

அக்காவுக்குப் பின்னால் ஒரு கார் நின்று நின்று ஓடும் சத்தம் கேட்டது.