சூசையப்பர் திருநாள் பட்டிமன்றம்

அந்தோணிராஜுக்கும் பிராங்குக்கும் ஒரே பட்டறை. அங்கே சங்கம் வைப்பதா கூடாதா என்று ஒரு வருடமாகச் சண்டை. தொழிலாளர்களின் புனிதரான சூசையப்பரின் திருநாளான மே தினத்தன்று, அம்பத்தூர் கோயில் பட்டிமன்றத்திலும் எதிரெதிரே நின்றார்கள். நாடு வல்லரசாகத் தொழிற்சங்கம் துணையா, தடையா?

"தடைதான்! கொடி புடிச்சிகினு நின்னா எந்தக் கம்பெனி இங்க வரும்?" என்றார் அந்தோணிராஜ். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

பிராங்க் எழுந்தார். "அண்ணாத்தே, எட்டு மணி நேர வேலை வானத்துலேர்ந்தா வுழுந்துச்சு? சங்கம் கேட்டு வாங்கினது. இன்னிக்கு உலகமே நம்ம நாட்டைத் திரும்பிப் பாக்குதுன்னா, அதுக்கு உழைச்சது நம்மாளுங்க கை. அந்தக் கைங்க ஒண்ணா சேந்தா நாடு கெட்டுடுமா?"

கைதட்டல் அடங்கவே இல்லை. தீர்ப்பும் பிராங்க் பக்கம்தான்.

மேடையை விட்டு இறங்கியவரின் கையைப் பிடித்துக்கொண்டார் அந்தோணிராஜ்.

"சங்கம் வேணும்னு வருஷம் பூரா கேக்குற எனக்கே இவ்ளோ அழகா பேச வரல, முதலாளி! நல்லவேளை, ஃபாதர் சீட்டுக் குலுக்கி நம்மள அணி மாத்தி வுட்டாரு. இப்பவாவது சரின்னு சொல்லுங்க."

பிராங்க் சிரித்துவிட்டார்.

"மைக்குல சொன்னத மறுத்தா சூசையப்பர் சும்மா வுடுவாரா? நாளைக்கே கொடியேத்துப்பா. நானும் வந்து நிக்கிறேன்."