ஆப்பிளுக்குள் ஒரு பெண்

“நடுவுல எழுந்து போயிடக் கூடாது. அப்பறம் எனக்குத்தான் அசிங்கம்,” என்றார் நெடுமாறன், மாடிப்படி ஏறும்போதே.

“நான் போகல. நீங்க தூங்காம இருங்க,” என்றாள் அவர் மனைவி கலைவாணி.

முத்தியால்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில்தான் அந்தத் திரைப்பட மன்றம் ஞாயிறுதோறும் கூடும். நெடுமாறன் அதற்குச் செயலாளர். வாரம் முழுக்கத் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உலக சினிமா. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இப்போது ஆபத்து. போன வாரம் போட்ட சண்டையில் கலைவாணி ஒரு முடிவு சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவை அவளும் வந்து படம் பார்ப்பாளாம். பிடித்துவிட்டால் இனி வாயே திறக்க மாட்டாளாம். பிடிக்கவில்லையென்றால் அவர் மன்றத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு வீட்டில் இருக்க வேண்டுமாம்.

அவருடைய போதாத காலம், அன்றைக்கென்று அமைந்த படம் ‘பாதி நிலா, முழு நாற்காலி’. வடக்கே யாரோ எடுத்தது. வெளியான அன்று ஜனங்கள் தியேட்டர் நாற்காலிகளை உடைத்தார்களாம். இப்போது அதே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். தலையும் புரியாது, வாலும் புரியாது என்பதுதான் அதன் பெருமை. மன்றத்தில் எல்லோரும் அதைப் பற்றிப் படித்திருந்தார்கள், ஒருவரும் பார்த்ததில்லை. நண்பர் ஒருவர் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார். வீட்டு டிவி பக்கத்திலிருந்து எடுத்து வந்த பென்டிரைவை நெடுமாறன் புரொஜெக்டரில் செருகினார்.

படம் பேரே போடாமல் ஆரம்பித்தது. அதற்கே கைதட்டினார்கள். திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே கரைந்துபோன முகங்கள். சத்தமும் வரவில்லை. நெடுமாறன் ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார், பிறகு இது இயக்குநரின் மௌனம் என்று அறிவித்துவிட்டுக் கடைசி வரிசையில் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டோடு வழக்கம்போல் தூங்கிப்போனார்.

ஆமாம், வழக்கம்போல். செயலாளர் தூங்குவார் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத ரகசியம். படம் முடிந்ததும் மற்றவர்கள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு, அதையே கொஞ்சம் கனமான வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிவிடுவார். அதற்கு நிறைவுரை என்று பெயர். நடுவில் ஒரு தடவை கலைவாணி அவர் தொடையைத் தட்டி, இதைப் பாருங்களேன் என்றாள். கண்ணைத் திறக்காமலே, “ம், ஆழமான படம்,” என்றார்.

லைட் போட்டதும் பார்த்தால், கலைவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிற அளவுக்கு அறுவை போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று நினைத்துக்கொண்டார் நெடுமாறன்.

பேச்சு ஆரம்பித்தது. ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியார் தெய்வசிகாமணி எடுத்த எடுப்பில் ‘ஃபோர்மிதாப்ள்’ என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஆப்பிள் பழம் இரண்டாகப் பிளந்து உள்ளேயிருந்து ஒரு பெண் வருகிறாளே, அவள் ஏவாளேதான், ஆதி பாவமேதான் என்று உருகினார். விஸ்காம் படிக்கும் கவிநிலாவோ புகை கிளம்பும் காட்சியை விட்டு நகர மாட்டேன் என்றாள். கூட்டமே கண்ணைக் கசக்குகிறது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை, இதுதான் இன்றைய இந்தியா என்றாள். பின்னாலிருந்து ஒருவர், நடந்தது கல்யாணமா கருமாதியா என்றே கடைசிவரை தெரியவில்லை என்று புலம்பினார். அந்தத் தெரியாமைதான் கலை என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட இடம் ஒன்றே ஒன்றுதான். இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஓர் ஆள். பக்கத்தில் ஒரு பெண் சோற்றைத் தொடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் தலை நிமிரவேயில்லையாம்.

இது போதாதா. நெடுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“அவன் மனுஷனே இல்ல நண்பர்களே, வெறும் வயிறு,” என்றார். “பக்கத்துல ஒரு உயிர் தன்னைப் பாக்குதுன்னு தெரியாத ஜென்மம். அந்தப் பொண்ணு பாவம், வாழ்க்கை முழுக்க அப்படியேதான் பாத்துக்கிட்டு இருக்கப் போறா. அதைச் சொல்லத்தான் டைரக்டர் இந்தப் படத்தையே எடுத்திருக்காரு.”

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. வாத்தியார் வந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கலைவாணிகூட நன்றாகக் கேட்கும்படி கைதட்டினாள்.

கீழே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது நெடுமாறன் பயந்துகொண்டே படம் எப்படி என்று கேட்டார்.

“ரொம்பப் புடிச்சிருந்துச்சி. இப்படி அழுவேன்னு நெனைக்கவே இல்ல,” என்றாள் கலைவாணி. “சொன்ன சொல்லு சொன்னதுதான். இனிமே ஞாயித்துக்கெழமை நீங்க எங்க வேணா போங்க, நான் கேக்க மாட்டேன்.”

நெடுமாறனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல சினிமா யாரையும் விடாது பார்த்தாயா என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்துவிட்டு, அப்படி எந்த இடம் அவளை அழ வைத்தது என்று பெருமையாகக் கேட்டார்.

“வெறும் வயிறுன்னீங்களே, அந்த ஆளு தலை நிமிராம சாப்புடற எடந்தான்,” என்றாள் அவள், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு. “உங்க ஃபிரண்டு குடுத்த பென்டிரைவு டிவிகிட்டயே கெடக்குது. நீங்க எடுத்தாந்தது, பூஞ்சை புடிச்சிப் போச்சேன்னு நேத்து நான் கடையில குடுத்து வேற பென்டிரைவுல ஏத்தி வாங்கியாந்த நம்ம கல்யாண கேசட்டு.”