இரண்டு கோட்டுக்கு ஒரு டூப்

பழைய கிடங்கின் மாடி ஜன்னலிலிருந்து ஒரு நீலக் கோட்டு அட்டைப்பெட்டிக் குவியலின் மேல் வந்து விழுகிறது. உள்ளே இருப்பவன் டூப். ஒரே அரசாங்கத்தின் இரண்டு இலாகாக்கள் சம்பளம் கொடுத்து வளர்க்கும் இரண்டு கொலையாளிகள் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்ட அலையும் சிரிப்புப் படம் இது. இரண்டு நாயகர்களுக்கும் சேர்த்து இவன் ஒருவன்தான் டூப், பட்ஜெட் அவ்வளவுதானாம். ஒரு நாயகனுக்கு நீலக் கோட்டு, இன்னொருவனுக்குக் கறுப்பு. நாயகர்கள் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். இவன் எழுந்திருக்கிறான். ஜன்னல் சட்டம் கிழித்த புருவத்திலிருந்து ரத்தம் வழிகிறது. "கோட்டைப் பாருங்கப்பா, கோட்டை! கதையில நீலக் கோட்டுக்கு அடியே படாது!" என்று இயக்குநர் அலறுகிறார். உடைக்காரர் ஈரத்துணியோடு ஓடிவந்து காலரைத் துடைக்கிறார். காலருக்கு மேலே ஒரு முகம் இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. பஞ்சோடு ஓடி வருகிறவள் மேக்கப் போடும் பெண், இவனுடைய அக்கா. அவள் பஞ்சை வைத்து அழுத்துவதற்குள் அடுத்த ஷாட்டுக்கான கறுப்புக் கோட்டு வந்துவிடுகிறது. இயக்குநரின் முகம் மலர்கிறது. "தொடைக்காதீங்கம்மா! கறுப்புக் கோட்டுக்குத்தான் அடிபடணும். அப்படியே இருக்கட்டும், தத்ரூபமா இருக்கு. தம்பி, சட்டுனு மேல போ." தம்பி கையை நீட்டுகிறான். கோட்டு அவன் கைக்கு வரவில்லை. அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு குடையை நோக்கி நடக்கிறாள். கறுப்புக் கோட்டு நாயகனின் மடியில், அந்தச் செல்போனின் மேலேயே, போடுகிறாள். "உங்க அளவுக்குத் தைச்சதுதானே சார்? போட்டுக்கிட்டு நீங்க குதிங்க. எவ்வளவு தத்ரூபமா இருக்குன்னு நானும் பாக்குறேன்."